ஆட்டுக் கதையை வாசித்த வகுப்பு

பொன்னுத்தங்கம் டீச்சருக்கு எங்கள் ஊருக்குள் இரண்டு பட்டப்பெயர் உண்டு. ஒன்று மைக் செட்டு டீச்சர். இன்னொன்று பேப்பர் டீச்சர். சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வரும் பஸ்ஸில் அவர் பின்சீட்டிலிருந்து ஒரு வார்த்தை பேசினால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார், அதனால் முதல் பெயர். வழியில் ஏதாவது எழுத்துள்ள தாள் கிடந்தால் குனிந்து எடுத்து மண்ணைத் தட்டிப் பைக்குள் வைத்துக்கொள்வார், அதனால் இரண்டாவது. இரண்டையும் யார் வைத்தது என்று அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டே பேர். தலைமை ஆசிரியர் வெள்ளைத்துரை ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் எடுப்பார், அதாவது மீட்டிங் இல்லாத நாள்களில். மற்ற மூன்று வகுப்பும் டீச்சர் தலையில். மூன்றையும் ஒரே அறையில் உட்கார வைத்து அவர் பாடம் எடுக்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் ஒரு வரி சொல்வார், பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். மறுபடியும் சொல்வார், மறுபடியும் சொல்வார்கள். பிள்ளைகளின் விரல் புத்தகத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கும், கண் ஜன்னலில் இருக்கும். ரோட்டில் போகிற பட்டாசுக் கம்பெனி வேன்காரருக்கே நாலாம் வகுப்புப் பாடம் பாதி மனப்பாடம். இதற்குத்தான் எங்கள் பக்கம் வாசிப்பு என்று பெயர். டீச்சரும் அப்படித்தான் படித்து வந்தார், அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அப்படித்தான்.

2004இல் மதுரையிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, எழில் என்ற இளம் பெண்ணும் அவளோடு படித்த இரண்டு பேரும். அவர்கள் சொன்ன யோசனை சின்னதுதான். வகுப்பை ஒட்டுமொத்தமாகப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, அது முன்பின் பார்க்காத ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து மட்டும் தெரிந்த பிள்ளை யார், சொல் வரைக்கும் வருகிற பிள்ளை யார், கதை வாசிக்கிற பிள்ளை யார் என்று தெரிந்துவிடும். பிறகு தினமும் ஒரு மணி நேரம், எந்த வகுப்பு என்று பார்க்காமல், யாருக்கு எது தெரியவில்லையோ அதைச் சொல்லிக் கொடுங்கள். இது நிஜமாகவே பலன் தருகிறதா என்று தெரிய வேண்டுமே, அதற்காகச் சில பள்ளிகளில் இந்தப் புது முறையை ஆரம்பித்தார்கள். சில பள்ளிகளைப் பழையபடியே விட்டுவைத்தார்கள். ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கமும் ஒரே கதையைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. புது முறை ஜெயித்தால் வட்டாரம் முழுக்கக் கொண்டுபோகலாம் என்று அதிகாரிகள் தலையாட்டியிருந்தார்கள்.

எங்கள் பள்ளி பழையபடியே இருக்கிற பக்கம். அதில் டீச்சருக்குக் கொஞ்சம் வருத்தம். “நம்மள மட்டும் அப்படியே கெடங்கன்னு விட்டுட்டாக பாத்தீகளா” என்று வெள்ளைத்துரையிடம் முறையிட்டார். “நல்லதாப் போச்சு டீச்சர், வேல மிச்சம்” என்றார் அவர்.

அடுத்த ஜூனில் பள்ளி திறந்த சமயம். நாலாம் வகுப்புப் பேச்சியம்மாள் சில நாளாக வரவில்லை என்று டீச்சர் அவள் வீட்டுக்குப் போனார். அம்மா குருவம்மாள் முன்பு பருத்திக்காட்டில் களையெடுத்தவள். மழை பொய்த்துக்கொண்டே போனதில் பட்டாசு வேலைக்கு வந்துவிட்டாள். பகலில் கம்பெனி, வீட்டுக்கு வந்தால் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிற வேலை. அதற்குச் சிவகாசி அச்சகங்களின் கழிவுத் தாள் கட்டுக் கட்டாக வரும். மை பிசகின காலண்டர், வெட்டு தப்பின கல்யாணப் பத்திரிகை, நிறம் மாறிப்போன சாமி படம், எல்லாம் கம்பியில் சுற்றப்பட்டுக் குழாயாகும். கைகொடுக்கப் பேச்சி வேண்டியிருந்தது, அதனால்தான் பள்ளிக்கு வரவில்லை.

டீச்சர் திட்ட வேண்டியதைத் திட்டினார். திட்டிக்கொண்டே அவர் கண் தாள் கட்டின் மேல் போனது. போகாமல் இருக்குமா? ஒரு கட்டு முழுக்க ஒரே தாள். மேலே ஓர் ஆட்டுப் படம். கீழே பெரிய பெரிய எழுத்தில் நாலைந்து வரி.

மீனா வீட்டில் ஓர் ஆடு இருந்தது. ஆட்டுக்கு எப்போதும் பசி. ஒரு நாள் அது கொடியில் காய்ந்த பாவாடையைத் தின்றது. மீனா அழுதாள். ஆடு ஏப்பம் விட்டது.

மை சிந்தியதில் ஆட்டுக்கு மூன்று கொம்பு இருக்கிற மாதிரி தெரிந்தது. மற்றபடி நல்ல தாள். இவ்வளவு பெரிய எழுத்தில் இவ்வளவு சின்னக் கதை பாடப்புத்தகத்தில்கூடக் கிடைக்காது.

“குருவம்மா, இதுல கொஞ்சம் எடுத்துக்கிடட்டுமா?”

“எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க டீச்சர். உருட்டுனா வெடிச்சுப் போற தாள்தான.”

மறுநாள் ஆளுக்கொரு தாள் கிடைத்தது. பேச்சியும் வந்திருந்தாள். வழக்கம்போல டீச்சர் சொன்னார், பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். ஏப்பம் விடும் இடம் வந்ததும் வகுப்பே ஏப்பம் விட்டது. அந்த ஏப்பத்துக்காகவே தினமும் ஆட்டுக் கதையைக் கேட்டார்கள். கொஞ்ச நாளில் தாளெல்லாம் கிழிந்து, கப்பலாகி, அட்டையாகிக் காணாமல் போனது. கதை மட்டும் நாக்கில் தங்கிவிட்டது. குழாய் உருட்டும்போதும் பேச்சி அதையே சொல்லிக்கொண்டிருப்பாள் என்று குருவம்மாள் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

ஜூலையில் எழில் வந்தாள். வெள்ளைத்துரையின் அறையில் ஒரு நாற்காலியும் ஒரு பெஞ்சும் போட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முதலில் போனது பேச்சி. டீச்சர் பக்கத்து அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சியின் குரல் கணீரென்று கேட்டது.

“மீனா வீட்டில் ஓர் ஆடு இருந்தது.”

டீச்சரின் கையில் இருந்த சாக்பீஸ் அப்படியே நின்றது. போய் அந்த அறை வாசலில் நின்று பார்த்தார். பேச்சியின் மடியில் அதே தாள். இதில் ஆட்டுக்கு இரண்டே கொம்பு. மை சிந்தாத தாள்.

விஷயம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சிவகாசியில் விலை குறைவு என்று எழில் அங்கே ஓர் அச்சகத்தில் கதைத் தாளை அடித்திருக்கிறாள். பிசகினதை அச்சகத்துக்காரர் எடைக்குப் போட்டிருக்கிறார். அது லோடு ஏறி நேராக எங்கள் ஊருக்கு வந்திருக்கிறது. மதுரையில் அடித்திருந்தால் இந்த வம்பே இல்லை. டீச்சர் திருட்டுத்தனமாக எதையும் செய்யவில்லை. அந்த வாசலில் நின்று, “ஏம்மா, இந்தக் கதை இவகளுக்கு ஏற்கெனவே தெரியும்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். மைக் செட்டுக் குரல் அன்றைக்குப் பார்த்து அடைத்துக்கொண்டது.

ஏன் சொல்லவில்லை என்று அவரே பிறகு என்னிடம் சொன்னார். எழிலின் முகம் அப்படி மலர்ந்திருந்ததாம். வெள்ளைத்துரை ஜன்னலோரம் நின்று தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தாராம். பேச்சியோ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாளாம், எப்போதும் கூனிக் குறுகி இருக்கிற பிள்ளை. “அந்த நிமிசம் எனக்கும் ஆசையா இருந்துச்சு. ஒருவேள நெசமாவே வாசிக்கிறாகளோன்னு நெனைக்க ஆசையா இருந்துச்சு” என்றார். ஆசைதான், வேறென்ன.

“பேச்சி, நல்லா வாசிச்சம்மா” என்று எழில் சொன்னாள். பேச்சி வாசலில் நின்ற டீச்சரைப் பார்த்தாள். டீச்சரும் தலையசைத்து, “நல்லா வாசிச்ச” என்றார். அந்த வார்த்தைதான் பிறகு அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அடுத்தடுத்து வந்த பிள்ளைகளும் அப்படியே ஒப்பித்துவிட்டுப் போனார்கள். கிளம்பும்போது எழில் கேட்டாள்.

“எப்படி டீச்சர் சொல்லிக் குடுக்கீங்க? எங்க புது முறைப் பள்ளிக்கூடத்துலகூட இப்படி இல்ல.”

“எல்லாரையும் சேந்து வாசிக்க வைப்பேன். அம்புட்டுத்தான்.”

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யைத் தன் வாழ்நாளில் சொன்னதில்லை என்று டீச்சர் நினைத்தார். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

விஷயம் அங்கேயே நின்றிருந்தால் மனசைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். ஆகஸ்டில் வட்டாரக் கூட்டம் நடந்தது. டீச்சரை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு துண்டு போர்த்தினார்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பக்கத்து ஊர் டீச்சர் செல்லத்தாய் அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். அவருடையது புது முறை நடக்கிற பள்ளி.

“உங்க புண்ணியத்துல எங்களுக்கு விடுதலக்கா. பழைய மொறையிலயே பிள்ளைக இப்படி வாசிக்கும்போது புதுசு எதுக்குன்னு நிப்பாட்டப் போறாகளாம்.” சிரித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். “ஆனா ஒண்ணுக்கா. எங்கிட்ட அஞ்சாப்புல ஒருத்தன் ஒரு எழுத்துகூடத் தெரியாம இருந்தான். இப்ப எழுத்துக் கூட்டிச் சினிமா போஸ்டர் வாசிக்கான். நிப்பாட்டுனா பாவம்தான்.”

டீச்சருக்குத் தோளில் கிடந்த துண்டு சுட்டது. தான் வாய் திறக்காததால் வட்டாரத்துப் பிள்ளைகள் பூராவும் நஷ்டப்படப் போகிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அவர் முதன்முறையாக எழில் செய்ததைத் தானே செய்து பார்த்தார். மதிய இடைவேளையில் பேச்சியைத் தனியாகக் கூப்பிட்டு, பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்துக் கொடுத்தார். பேச்சி விரலைச் சரியாக முதல் எழுத்தில் வைத்தாள். வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

“வாசி தாயி.”

“மொத வார்த்தைய நீங்க சொல்லுங்க டீச்சர். நான் வாசிக்கேன்.”

பிள்ளை அதை வெட்கப்படாமல் சொன்னாள். வாசிப்பென்றால் அப்படித்தான் என்று அவள் நினைத்திருந்தாள். டீச்சர் ஒருத்தர் ஆரம்பிப்பார், பிறகு நாம் சொல்ல வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி. இந்தப் பிள்ளை ஒரு வருஷத்துக்கு மேலாகத் தன் முன்னால் உட்கார்ந்து ஓர் எழுத்தும் தெரியாமல் வாயசைத்திருக்கிறாள், தனக்கு அது தெரியவே இல்லை. டீச்சருக்கு அழுகை முட்டியது. “போயி வெளையாடு” என்று அனுப்பிவிட்டார்.

அப்போதும் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். போர்த்தின துண்டை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அந்த வாரமே குருவம்மாள் பள்ளிக்கு வந்தாள். கையில் ஒரு பை நிறையச் சீனிமிட்டாய்.

“பிள்ளைகளுக்குக் குடுங்க டீச்சர். எம்மவள வாசிக்க வச்சுட்டீகளே, அதுக்கு.” பையை மேஜையில் வைத்துவிட்டு நின்றாள். “இன்னொண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். பேச்சிய நிப்பாட்டிக்கிடுதேன்.”

“என்ன சொல்லுத?”

“தீபாவளி சீசன் டீச்சர். ஆர்டர் மேல ஆர்டரா வருது. அவங்கப்பா சம்பளத்தோட எஞ்சம்பளமும் சேத்தாலும் பத்தல. எனக்கு எழுத்துத் தெரியாது. கம்பெனியில எந்த வேனுல ஏறணும்னுகூட நாலு பேருகிட்ட கேட்டு வசவு வாங்குவேன். எம்மவளாவது வாசிச்சுத் தெரிஞ்சுக்கிடட்டும்னுதான் இம்புட்டு நாளும் அனுப்புனேன். அதான் தெரிஞ்சுக்கிட்டாளே. மதுரக்காரப் பொண்ணே சொல்லிட்டாக.”

“அஞ்சாப்பாவது முடிக்கட்டும் குருவம்மா.”

“முடிச்சு என்ன செய்யப் போறா? வாசிக்கத் தெரிஞ்சா எனக்குப் போதும்.”

இதற்கு மேல் சொல்ல டீச்சரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லாமல், “மறுவாரம் வரைக்கும் பொறு. மதுரக்காரப் பொண்ண வரச் சொல்லுதேன், அது வரும்போது நீயும் வா” என்று மட்டும் சொன்னார். மிட்டாய்ப் பை மேஜையிலேயே இருந்தது. பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அதைப் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை.

சாயங்காலம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து எழிலைக் கூப்பிட்டார். கழிவுத் தாளிலிருந்து சாக்பீஸ் நின்றது வரைக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர்.”

“சொல்லியிருக்கணும்மா.”

“நானும் அடிச்ச எடத்துல வேஸ்ட்ட என்ன செஞ்சாங்கன்னு கேட்டிருக்கணும்.” பிறகு, “வேற கதையோட மறுவாரம் வர்றேன்” என்றாள் எழில்.

வெள்ளைத்துரைக்குத் தெரிந்தபோது மனிதர் ஆடித் தீர்த்துவிட்டார். “நல்ல பேரு தானா வந்து மடியில விழுந்தா வச்சுக்கிடத் தெரியல. ஊரச் சிரிக்க வச்சுட்டீக” என்றார். பூத்தை விட்டு வெளியே வந்தபோதே பாரம் பாதி இறங்கிவிட்டது என்றுதான் நினைத்திருந்தார். மீதிப் பாதி எவ்வளவு கனம் என்று மறுவாரம் தெரிந்தது.

அதே அறை, அதே பெஞ்சு. குருவம்மாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, வாசலில் டீச்சரோடு நின்றாள். மகள் வாசிப்பதைக் கண்ணால் பார்க்கப் போகிற சந்தோஷம் அவளுக்கு. பேச்சியும் அப்படித்தான் போய் உட்கார்ந்தாள், நிமிர்ந்து.

எழில் புதுத் தாளைக் கொடுத்தாள். இந்த முறை கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். மேலே ஒரு குடைப் படம்.

பேச்சி விரலை வைத்தாள். எழிலைப் பார்த்தாள். “மொத வார்த்த மட்டும் சொல்லுங்கக்கா.”

“நீயே பாத்துச் சொல்லும்மா.”

பிள்ளை திரும்பி டீச்சரைப் பார்த்தாள். எப்போதும் முதல் வார்த்தை அந்த வாயிலிருந்துதான் வரும். டீச்சர் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். ஒரு பிள்ளை தவிப்பதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நின்றது அவர் வேலைக்கு வந்து அதுவே முதல் தடவை. பேச்சி காத்துப் பார்த்தாள். பிறகு தாளில் விரலை நகர்த்திக்கொண்டு, தெரிந்ததைச் சொன்னாள்.

“மீனா வீட்டில் ஓர் ஆடு இருந்தது. ஆட்டுக்கு எப்போதும் பசி...”

குருவம்மாளின் முகத்தில் சிரிப்பு இருந்தது. அது மெல்ல மெல்லக் கலைந்தது. எட்டி அந்தத் தாளைப் பார்த்தாள்.

“ஏ பேச்சி. அதுல ஆட்டுப் படமே இல்லையேளா. கொடையில்லா போட்டிருக்கு.”

பேச்சி நிறுத்திவிட்டாள். டீச்சர்தான் உள்ளே போய்ப் பிள்ளையின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். குருவம்மாளைப் பார்த்துத்தான் சொன்னார். அந்தத் தாள் எங்கிருந்து வந்தது, தான் என்ன செய்தார், எங்கே வாயை மூடிக்கொண்டார் என்று எல்லாவற்றையும் சொன்னார். “உம்மவ மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் ஏமாத்திட்டேன்.”

குருவம்மாள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நான் தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே டீச்சர்” என்றாள், அவ்வளவுதான்.

பேச்சி டீச்சரின் கையைத் தொட்டாள்.

“அன்னைக்கு நல்லா வாசிச்சேன்னு சொன்னீகளே டீச்சர். அது வாசிச்சது இல்லையா?”

அந்தக் கேள்விக்கு டீச்சர் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார். நிமிர்ந்திருந்த முதுகு அவர் பக்கத்திலேயே பழையபடி வளைந்தது.

போகும்போது குருவம்மாள் வாசலில் நின்றாள். “நிப்பாட்டல. வாசிக்கப் படிக்கட்டும். ஆனா படிச்சுட்டான்னு நீங்க எங்கிட்டச் சொல்ல வேண்டாம். நானே வந்து பாத்துக்கிடுதேன்.”

எழில் எங்கள் பள்ளியின் கணக்கைத் தன் ஆய்விலிருந்து எடுத்துவிட்டாள். எடுத்த பிறகு பார்த்தால் புது முறைப் பள்ளிகள் எவ்வளவோ முன்னால் நின்றன. திட்டம் நிற்கவில்லை, அடுத்த வருஷம் எங்கள் ஊருக்கும் வந்தது. டீச்சர் அதுவரைக்கும் காத்திருக்கவில்லை. மறுநாளே மூன்று வகுப்பையும் கலைத்து, யாருக்கு எது தெரியவில்லையோ அந்தக் கூட்டத்தோடு உட்கார வைத்தார். பேச்சி மூன்றாம் வகுப்புப் பொடிசுகளோடு எழுத்துக் கூட்டத்தில் இருந்தாள். டீச்சரும் அங்கேதான் தரையில் உட்கார்ந்தார். ரோட்டில் போகிற வேன்காரர், “என்ன, பள்ளிக்கூடம் லீவா?” என்று கேட்கிற அளவுக்கு அறை அமைதியாகிவிட்டது. எப்போதாவது பழக்க தோஷத்தில் டீச்சர் முதல் வார்த்தையைச் சொல்ல வாயெடுப்பார். பேச்சி உடனே தாளிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்ப்பாள். அவர் மூடிக்கொள்வார்.

தீபாவளி போய்ப் பொங்கலும் போனது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி விடுகிற நேரத்தில் குருவம்மாள் வந்தாள். கம்பெனி வேனிலிருந்து இறங்கிக் கைகூடக் கழுவவில்லை, விரலெல்லாம் வெள்ளி நிற வெடிமருந்து. வீட்டுக்குப் போய்த் தாள் கட்டின் நடுவிலிருந்து, யாரும் பார்த்திராதபடி, ஒரு தாளை உருவிக்கொண்டு வந்திருந்தாள். பாதி வெட்டுப்பட்ட ஒரு காதுகுத்துப் பத்திரிகை. அதை மகளிடம் நீட்டினாள்.

பேச்சி விரலை வைத்தாள். யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள், நின்றாள், திரும்பப் போய்க் கூட்டினாள். “அன்... புடை... யீர்” என்று ஆரம்பித்து, கோயில் பேர், ஊர்ப் பேர், தாய்மாமன் பேர் என்று வெட்டுப்பட்ட இடம் வரைக்கும் போனாள். பழைய வேகம் இல்லை, பழைய கணீர்க் குரலும் இல்லை. முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

“வாசிச்சேனாம்மா?”

குருவம்மாள் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் படம் ஒன்றும் இல்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? தானே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள், அந்த நேரத்தில் கேட்க வேறு ஆளில்லாமல், டீச்சர் பக்கம் திரும்பினாள்.

“நெசத்தச் சொல்லுங்க டீச்சர். வாசிச்சாளா?”

டீச்சர் சொன்னது பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் கேட்டது.

“ரெண்டு வார்த்த தப்பா வாசிச்சா. மத்ததெல்லாம் வாசிச்சா.”

குருவம்மாள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளை அவரிடமே நீட்டி, அந்த இரண்டு வார்த்தை எது என்று காட்டச் சொன்னாள்.